காரைக்கால் நாட்டு வடிகால்கள்

நீர்வளத்தைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும் நதியைப் போற்றுவர்; அணையைப் போற்றுவர்; ஏரியையும் வாய்க்காலையும் போற்றுவர். வயலுட் புகுந்த நீர் தன் வேலையை முடித்து வெளியேறும் வழியாகிய வடிகாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் அரியர். வீட்டின் தலைவாயிலுக்கு நாடோறுங் கோலமிடுகின்றோம். சலதாரையை நினைப்பதோ அஃது அடைத்துக்கொண்ட அன்றுதான். வடிகாலின் கதையும் இதுவே. கார்த்திகை அடைமழையில் இளம்பயிர் மூழ்கிக் கிடக்கும்போது, ‘வடிகால் என்னவாயிற்று?’ என்று கேட்கின்றோம். தை பிறந்து கதிர் தலைசாய்ந்ததும் அக்கேள்வியை மறந்துவிடுகின்றோம்.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களிற் பல இன்றும் காரைக்கால் நாட்டில் சில மா நிலமேனும் உடையவை. அயலூர்களில் உத்தியோகஞ் செய்வோருட் பலரும் பூர்வீக நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் வரப்பில் நின்று பார்த்துச் செல்வோரே. ஆதலின், அந்நிலத்தின் வடிகால்கள் முன்னாளில் எங்ஙனம் பேணப்பட்டன, எக்காரணத்தாற் சீர்குலைந்தன, அவற்றின் வழியே நம் வயலின் மண்ணும் உரமும் எவ்வாறு கடலை நோக்கிச் செல்கின்றன, அதனைத் தடுக்க நம்மால் ஆவது யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

நாட்டின் கிடப்பு

காரைக்கால் நாடு சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கிழக்கே வங்கக்கடல், மற்றைப் பக்கங்களிலெல்லாம் பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பூமி. 1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனியார் இதனைப் பெற்றனர். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பலமுறை கைமாறி, முடிவாக 1817-இல் பிரெஞ்சுக்காரரிடமே மீண்டது. 1954 நவம்பர் முதல் தேதி இந்திய ஆட்சியில் சேர்ந்து, 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படி இந்தியாவுக்கு உரியதாயிற்று. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இதற்குப் பெயர். கொடிகள் மாறினவேயன்றி நீரின் போக்கு மாறவில்லை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு, திருமலைராஜனாறு முதலிய ஆறுகள் அன்றும் மேற்கேயிருந்து வந்தன. இன்றும் அங்ஙனமே வருகின்றன.

இவ்வாறுகளின் தன்மையொன்றை உற்று நோக்குதல் வேண்டும். மலைநாட்டில் நதி வேறு, வடிகால் வேறு. காவிரிப் படுகையின் கீழ்க்கோடியில் அவ்வாறன்று. ஆடி, ஆவணியில் பாசன நீரைக் கொண்டுவரும் அதே ஆறுதான் ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகாலாகவும் நிற்கின்றது. மேலூர் வயலிலிருந்து வடியும் நீர் ஒரு சிறு வாய்க்காலில் விழுந்து, கீழூர் வயலுக்குப் பாசன நீராகின்றது. ஆகவே, இந்நாட்டில் ‘கழிவுநீர்’ என்று ஒன்று தனியே இல்லை. ஒருவன் வடித்த நீரே மற்றொருவன் பாய்ச்சும் நீர். ஒருவன் வயலிலிருந்து போக்கிய சேறே மற்றொருவன் மதகில் வந்து படியுஞ் சேறு.

சோழர் காலத்து ஏற்பாடு

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர் என்பதற்குக் கல்லெழுத்துக்களே சான்று. சோழர் காலத்துச் சாசனங்களில் ஒரு வயலின் இருப்பிடத்தைக் குறிக்கும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாங் கண்ணாறு, இத்தனையாஞ் சதிரம் என்று எழுதுவர். கண்ணாறென்பது பெருவாய்க்காலிலிருந்து பிரியும் சிறு வாய்க்கால். சதிரமென்பது சதுரமாக வகுத்த நிலத்துண்டம். வீட்டுக்குத் தெருப்பெயர் எப்படியோ, அப்படியே வயலுக்கு வாய்க்காற் பெயர் விலாசமாயிற்று. வாய்க்கால் மறைந்தால் நிலத்தின் விலாசமே மறைந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் இன்னும் நுட்பமானதொரு செய்தியைக் காண்கின்றோம். கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர்களின் நிலத்தையெல்லாம் அளந்து எழுதும்பொழுது, ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், சேரிகள், சுடுகாடு என்பவற்றோடு, ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள் கொண்ட நிலத்தையும் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே இறை விதித்திருக்கின்றனர். அஃதாவது, வாய்க்காலின் அகலத்துக்கு வரியில்லை. வரியில்லாத நிலம் எவருக்கும் தனியுடைமையன்று; ஊரார்க்கெல்லாம் பொது. இங்ஙனம் வாய்க்காலை அளந்து விலக்கி வைத்தமையால், அதன் அகலமும் அரசனது ஏட்டிற் பதிவாயிற்று. ஓர் அடி அகலம் குறைந்தாலும், குறைத்தவன் யாரென்று கேட்க இடமிருந்தது.

நம் நாட்டுக்கு அண்மையிலுள்ள ஆனைமங்கலத்தின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமென்னும் பௌத்தப் பள்ளிக்கு இராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அவ்வூரின் வருவாயை அளித்தான். சுமார் 97 வேலி நிலத்திலிருந்து 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் அவ்விகாரத்துக்கு அளக்கவேண்டுமென்று லெய்டன் செப்பேடு என வழங்கும் சாசனங் கூறும். கடலுக்கு இத்துணை அணித்தான தாழ்ந்த பூமியில் ஆண்டுதோறும் அவ்வளவு நெல்லை எதிர்பார்க்கவேண்டுமாயின், பாசனத்துக்கு எத்துணை ஏற்பாடு வேண்டுமோ அத்துணை ஏற்பாடு வடிகாலுக்கும் இருந்திருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

குடிமராமத்து

ஏட்டில் எழுதிவைத்ததனால் மட்டும் வாய்க்கால் திறந்திராது; மண்வெட்டியும் வேண்டும். ஆற்றில் நீர் வற்றிய சித்திரை, வைகாசி மாதங்களில் ஊரார் கூடிச் சிறு வாய்க்கால்களையும் வடிகால்களையும் தூர் வாருதல் பழைய வழக்கம். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வாரிய வண்டலைக் கரையில் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. வண்டியிலும் கூடையிலும் அள்ளி வயலிற் பரப்புவர். மழையும் நீரும் வயலிலிருந்து கொண்டுபோன மண் கோடையில் மீண்டும் வயலுக்கே வந்துசேரும். இது வெறுஞ் சுத்தஞ்செய்யும் வேலையன்று. போனதைத் திரும்பப் பெறும் வேலை. கடன் கொடுத்தவன் ஆண்டுக்கொருமுறை கணக்குத் தீர்ப்பதுபோல, வயல் வடிகாலோடு ஆண்டுக்கொருமுறை கணக்குத் தீர்த்துக்கொண்டது.

பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயரது சென்னை மாகாணத்தில், இவ்வழக்கம் தளரத் தொடங்கியதைக் கண்ட அரசாங்கத்தார் 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டத்தால் அதனை நிலைநிறுத்த முயன்றனர். பாசனத்துக்கோ வடிகாலுக்கோ ஊர்வழக்கப்படி கூட்டாக உழைக்கக் கடமைப்பட்டவன், தக்க காரணமின்றி வரமறுத்தால், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு பணஞ் செலுத்தவேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. பாசனத்தோடு வடிகாலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆயினும், வழக்கத்தின் உயிர் போனபின் சட்டம் அதனைத் தாங்கி நிறுத்த இயலவில்லை. பெரிய ஆறுகளையும் மதகுகளையும் பொதுப்பணி இலாகா ஏற்றுக்கொண்டபின், ‘சர்க்கார் வாய்க்காலைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும்’ என்னும் எண்ணம் மெல்ல மெல்லப் பரவிற்று. சர்க்கார் பார்த்ததோ பெரிய வாய்க்காலை. வயலோரத்து வடிகாலைப் பார்ப்பார் எவருமிலர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நம்மவர் கூட்டங்களிற் குடிமராமத்தைப் பற்றிப் பேசுங்கால், ‘நம் பாட்டனார் காலத்தில் ஊரே ஒன்றுகூடி வெட்டிற்று’ என்று பெருமையாகச் சொல்வதுண்டு. நாள் குறித்தவர் நிலமுடையோர். முறை வகுத்தவர் நிலமுடையோர். இடுப்பளவு சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தவரோ பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாட்கள். அவர்களது கூலி அற்பம்; மறுக்கும் உரிமை அதனினும் அற்பம். பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் 1952-ஆம் ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அக்காலத்துக்குப்பின் அவ்வடிமைக் கட்டு அவிழ்ந்தது, அவிழ்ந்தது நன்றே. ஆனால், அவ்வேலையை நியாயமான கூலி கொடுத்து யார் செய்விப்பது என்னும் வினாவுக்கு நிலமுடையோராகிய நாம் விடை சொல்லாமலே இருந்துவிட்டோம். வடிகால் தூர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு மாறுதல்கள்

இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த இரண்டு மாறுதல்கள் வடிகாலின் நிலையை அடியோடு மாற்றின. முதலாவது, 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிந்தது. அதனால் பாசனத்துக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. வெள்ளத்தின் வேகமும் தணிந்தது. அதற்குமுன் புதுவெள்ளம் தன்னோடு கொண்டுவந்த செவ்வண்டலின் பெரும்பகுதி இப்போது அணையின் நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகின்றது. முன்னாளில் வயல் இழந்த மண்ணை ஆறு ஓரளவு ஈடுசெய்தது. பின்னாளில் அவ்வீடு அருகிற்று. ஆகவே, இன்று நம் வடிகாலில் நிற்குஞ் சேறு குடகு மலையிலிருந்து வந்தது என்று எண்ணி ஆறுதலடைய இடமில்லை. அதிற் பெரும்பங்கு இந்தப் படுகையின் கரைகளும் வயல்களும் இழந்த மண்ணேயாகும்.

இரண்டாவது மாறுதல் உரமூட்டை. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வித்தையை ஜெர்மானிய அறிஞர் ஹாபர் 1909-இற் செய்துகாட்டினார். 1913-இல் ஓப்பா என்னுமிடத்தில் அதற்குத் தொழிற்சாலை எழுந்தது. அரை நூற்றாண்டு கழித்து அஃது நம் பக்கத்துக்கு வந்தது. 1960-இல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலிற் பொறுக்கிய ஜில்லாக்களுள் தஞ்சாவூர் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையின் ஏ.டி.டி. 27 நெல்லும், பின்னர் ஐ.ஆர்.8 நெல்லும் பரவின. கொளுஞ்சித் தழையும் ஆட்டுக்கிடையும் நின்ற இடத்தில் யூரியா வந்து நின்றது. விளைச்சல் பெருகிற்று, பசிப்பிணி அகன்றது. அதனை மறுப்பது நன்றியறியாமையாகும். ஆனால், தழையும் எருவும் மெல்லக் கரைவன. யூரியாவோ நீரிற் பட்டவுடன் கரைவது. வயலில் நீர் நில்லாமல் ஓடினால், உரமும் நில்லாமல் ஓடும்.

சேறும் உரமும் செல்லும் வழி

இஃது எத்துணை நட்டம் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். சேற்றுழவு முடித்துப் பரம்படித்தவுடன் வயல்நீர் கலங்கி நிற்கும். நடவுக்கு நீர் மிகுதியென்று கருதி, அப்போதே மடையைத் திறந்து வடித்துவிடுவாருண்டு. ஓர் ஏக்கரில் இரண்டங்குல உயரம் நின்ற நீர் ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். அந்நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் மண் கலந்திருந்ததாக வைத்துக்கொண்டாலும், இருநூறு கிலோ மண் ஒரே நாளில் வெளியேறும். ஒரு வேலி நிலமாயின், ஒரு டன்னுக்கு மேல். போவது எவ்வகை மண்? மணலன்று, மணல் உடனே கீழே தங்கிவிடும். மிக நுண்ணிய களியும் மக்குமே நீரோடு போவன. பயிருக்கு வேண்டிய பாஸ்பரச் சத்து அந்நுண்ணிய களியோடு ஒட்டிக்கொண்டிருப்பது. எனவே, பாலை வைத்துக்கொண்டு ஆடையை ஊற்றிவிடுவது போன்ற செய்கை இது.

யூரியாவின் கணக்கு வேறு. காவிரிப் படுகையின் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது சிபாரிசு. அஃது ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டை மூன்றுக்குச் சமம். நன்செய் நெல் தானிட்ட தழைச்சத்தில் மூன்றிலொரு பங்கோ சற்று மேலோதான் எடுத்துக்கொள்ளும் என்பது பல நாடுகளில் ஆராய்ந்தோர் கண்டது. மிச்சத்தில் ஒரு பகுதி ஆவியாய்க் காற்றிற் போகும். ஒரு பகுதி மண்ணில் தங்கும். ஒரு பகுதி நீரோடு போகும். உரமிட்ட இரண்டொரு நாளில் மழை பெய்தாலோ, மடை திறந்திருந்தாலோ, நீரோடு போகும் பங்கு பெருகும். விலை கொடுத்து வாங்கிய மூட்டையை வடிகாலுக்கு இட்டதாகவே முடியும்.

வடிகாலில் விழுந்த உரம் வாளா இருப்பதில்லை. அங்கும் ஒரு பயிரை வளர்க்கின்றது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத் தாமரைக்கு இத்தகைய சத்துநீரே விருந்து. தக்க சூழலில் இரண்டு வாரத்தில் இருமடங்காகும் அப்பூண்டு, வங்காளத்து ஆறுகளை அடைத்துவிட்டமையால், அங்கே 1936-இல் அதனை ஒழிக்கவென்றே தனிச்சட்டம் இயற்றினர். நம் வாய்க்கால்களில் அதற்குத் துணையாக நெய்வேலிக் காட்டாமணக்கும் வேரூன்றி நிற்கின்றது. பூண்டு அடர்ந்தால் நீரோட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் சேறு படியும். சேறு படிந்தால் பூண்டு மேலும் அடரும். இங்ஙனம் மண்ணும் உரமும் ஒன்றுக்கொன்று துணையாய் நின்று வடிகாலை மேடாக்குகின்றன. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரை கடந்தபோது, காவிரிப் படுகை முழுவதும் நீர்க்காடாயிற்று. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையை எந்த வடிகாலும் உடனே கொண்டுசெல்லாது. ஆயினும், வெள்ளம் மூன்று நாளில் வடிவதற்கும் பத்து நாளில் வடிவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு வடிகாலின் ஆழத்தில் இருக்கின்றது. அவ்வேறுபாடே பயிரின் உயிர்.

பிறநாட்டார் கண்டது

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் சோள வயல்களிலிருந்து வடிந்த உரத்தால், அவ்வாறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவிற் கோடைதோறும் பிராணவாயு குன்றி, மீன்கள் வாழவியலாத பரப்பு உண்டாகின்றது. 2017-ஆம் ஆண்டில் அப்பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர். காரைக்கால் நாட்டைப்போல் நூற்றுநாற்பது மடங்குக்கு மேல். அங்கே ஒஹையோ, இந்தியானா ஆகிய மாகாணங்களில் வடிகாலை இரண்டடுக்காக வெட்டும் முறையைக் கையாண்டு வருகின்றனர். நடுவே ஒடுங்கிய ஓடை. அதன் இருமருங்கும் சற்று உயரத்திற் புல்மேடை. கோடையில் நீர் ஓடையில் மட்டும் ஓடும். வெள்ளத்தில் மேடைமேற் பரவி, வேகந் தணிந்து, சேற்றைப் புல்லினிடத்தே விட்டுச் செல்லும். புல்லின் வேரிடத்துச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நீரிலுள்ள நைட்ரேட்டின் ஒரு பகுதியைக் காற்றிலுள்ள நைட்ரஜனாக மாற்றிவிடும்.

அமெரிக்காவின் சோள வயலைவிட நமக்கு நெருங்கிய உவமை ஜப்பானின் நெல்வயல். ஷிகா மாகாணத்திலுள்ள பீவா ஏரியில் 1977-ஆம் ஆண்டு செம்மை நிறப் பாசி பெருகி நீர் நாறிற்று. பெண்மக்கள் முன்னின்று பாஸ்பரச் சோப்புத்தூளை விலக்கும் இயக்கத்தை நடத்தினர். 1979-இல் மாகாண சபையார் சட்டமியற்றினர். அத்துடன் நில்லாது, ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் சேற்றுழவுக்குப்பின் விடும் கலங்கல் நீரும் ஏரியைக் கெடுப்பது எனக் கண்டு, குறைந்த நீரில் உழுது, கலங்கல் தெளியும்வரை மடையை அடைத்துவைக்குமாறு விவசாயிகளைப் பழக்கினர். யந்திரமில்லை, பெருஞ்செலவில்லை, மடைக்கு ஒரு பலகையும் இரண்டு நாட் பொறுமையுமே அதற்கு வேண்டிய முதல்.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே, நாம் செய்யவேண்டிய முதல் வேலை வடிகாலில் அன்று, வயலில். சேற்றுழவுக்கு அளவான நீரே கட்டுதல் வேண்டும். பரம்படித்தபின் இரண்டு நாள் மடையைத் திறவாதிருத்தல் வேண்டும். மேலுரமிட்டபின் நாலைந்து நாள் நீர் வெளியேறாமற் காத்தலும், கருமேகங் கண்ட நாளில் உரமிடாதிருத்தலும் வேண்டும். ஒரே தடவையாகக் கொட்டாமற் பகுத்திடுதல் நன்று. இலையின் பசுமையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து யூரியா இடும் முறையை நெல் ஆராய்ச்சியாளர் வகுத்துள்ளனர். 2015 முதல் நம் நாட்டில் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவே விற்பனைக்கு வருவது. அது மெல்லக் கரைந்து பயன்தருவதாயினும், திறந்த மடைக்கு அதுவும் மருந்தாகாது. சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி என்பவற்றை மடக்கி உழுதால் மூட்டையின் தேவையே குறையும்.

அடுத்தது வரப்பும் மடைவாயும். வரப்பின் வயற்புறத்தை அண்டை வெட்டிச் சேறு பூசுவது வழக்கம், அது தக்கதே. வடிகாற்புறத்தையும் சேர்த்துப் புல்லறச் செதுக்குவது தகாது. அப்பக்கத்து அருகம்புல்லே கரையைக் கட்டிப்பிடிக்கும் கயிறு. வயல்நீர் வடிகாலில் விழுமிடத்திற் சிறியதொரு குழி வெட்டி, வாயிற் கல் பதித்துவிட்டால், கரை அரியாது. சேற்றின் ஒரு பகுதி குழியிலேயே தங்கும். அக்குழியை ஆண்டுக்கு இரண்டு முறை அள்ளி வயலிலேயே போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது தூர் வாருதல். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே அரசாங்கத்தார் வேலைகள் நடத்தினர். காரைக்காலிலும் பொதுப்பணித்துறையார் வாய்க்கால்களைத் தூர்வாருவதைக் காண்கின்றோம். பொக்லைன் யந்திரம் பத்துப்பேர் வேலையை ஒரு நாழிகையிற் செய்யும். ஆனால், கரையைச் செங்குத்தாகச் சீவிவிட்டால் அடுத்த மழையிலே கரை சரிந்து, வாரிய மண்ணெல்லாம் மீண்டும் உள்ளே விழும். அடிச்சேற்றை மட்டும் எடுத்தல், கரைச்சரிவையும் அதன் புல்லையும் விட்டுவைத்தல், வாரிய வண்டலைக் கரையோரத்திற் குவியாமல் அனுமதி பெற்று வயலுக்குக் கொண்டுபோதல், கடல்முகத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருதல் ஆகிய இந்நான்கையும் ஊரார் அருகிருந்து கவனித்தல் வேண்டும். நகரத்துச் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாய்க்காலின் சேற்றை வயலிலிடுமுன் சோதித்தறிதல் நன்று. செருமாவிலங்கையில் 1987 முதல் நடைபெறும் வேளாண்மைக் கல்லூரி நம் நாட்டிலேயே இருக்க, மண்ணைச் சோதிக்க வழியில்லை என்று எவருஞ் சொல்லவியலாது.

நான்காவது, சொல்லக் கூசுவது, ஆயினும் சொல்லவேண்டுவது. வடிகாலின் அகலத்தைக் குறைத்தவர் வேற்றாரல்லர். ஆண்டுக்கு ஓரடியாக வரப்பை வெளியே தள்ளி நட்டவரும், மனை பிரிக்கும்போது வாய்க்காலைத் தூர்த்துப் பாதையாக்கியவரும் நிலமுடையோரே; நம் குடும்பங்களிலும் அத்தகையோர் இல்லையென்று நெஞ்சறியச் சொல்லவியலாது. சோழன் வரிநீக்கிப் பொதுவாக விட்ட நிலத்தை நாம் பட்டாவில்லாமலே அநுபவிக்கின்றோம். பழைய நில அளவைப் படத்தை எடுத்துப் பார்த்து, நம் வயலோரத்து வடிகால் எத்தனை அடியிருந்தது, இன்று எத்தனை அடியிருக்கிறது என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் தாமே அளந்தறிதல் வேண்டும். மற்றவர் வந்து அளக்குமுன் நாமே விட்டுக்கொடுப்பது மானமுடைய செயல்.

ஐந்தாவது கூலி. வயலோரத்துச் சிறு வடிகால்களை வாருதற்கு, நிலத்தின் மா அளவுக்கேற்ப ஊர்தோறும் ஒரு பொதுநிதி சேர்த்தல் வேண்டும். அதிக நிலமுடையவர் அதிகம் கொடுக்க. அயலூரிலிருந்து குத்தகை வாங்குவோரும் தம் பங்கைக் கொடுக்க. குத்தகைதாரர் தலையில் முழுவதையும் சுமத்தாதிருக்க. உழைப்போர்க்கு அன்றன்றே முழுக்கூலி கொடுக்க. பழைய குடிமராமத்தின் ஒற்றுமையை மீட்போம். அதன் கொடுமையை மீட்கவேண்டுவதில்லை.

முடிவுரை

காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி தந்த இறுதித் தீர்ப்பிற் புதுச்சேரி அரசுக்கு, அஃதாவது நம் காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கிற்று. டி.எம்.சி. ஒன்று நூறு கோடி கன அடி. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மற்ற கணக்குகளைச் சிறிது திருத்தியபோதும், நம் பங்கை மாற்றவில்லை. கடைமடைக்காரருக்கும் நதியில் உரிமையுண்டு, மேல்மடையார் தம் விருப்பப்படி மட்டும் செய்தல் தகாது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். அந்நியாயத்தைக் கேட்டு நாம் எத்தனை மகஜர்கள் எழுதினோம், எத்தனை கூட்டங்கள் கூட்டினோம்!

ஆனால், கடைமடைக்கும் ஒரு கடைமடை உண்டு. நம் வயலுக்குக் கீழே இன்னொருவர் வயல். அதற்குக் கீழே ஆற்றுமுகம். அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் கரையோர மக்கள். மேட்டூரையும் கர்நாடகத்தையும் நோக்கி நாம் எந்த நியாயத்தைக் கேட்கின்றோமோ, அதே நியாயத்தை நம்மை நோக்கிக் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. நல்ல நீரைத் தடுக்காதே என்று நாம் மேலே சொல்வது உண்மையானால், சேற்று நீரை விடாதே என்று அவர்கள் நமக்குச் சொல்வதும் உண்மையே. மேலுள்ளவரிடம் உரிமை பேசிக் கீழுள்ளவரிடம் கடமை மறப்பது நம் போன்ற குடிகளுக்கு அழகன்று.

வருகின்ற சித்திரையில் ஆறு வற்றியபின், நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தின் வடிகாலோரம் ஒருமுறை நடந்து பார்ப்பாராக. எங்கே மேடு, எங்கே அடைப்பு, எங்கே நம் வரப்பு எல்லை தாண்டியது என்பவற்றைக் குறித்துக்கொள்வாராக. பின்னர் ஊர்க்கூட்டத்தில் அண்டை நிலத்தாரையும், உழைப்போரையும், வேறு குலத்தினரையும் ஒருங்கே இருத்திக் கலந்து பேசுவாராக. நீருக்குக் குலமில்லை. வடிகாலும் ஒருவர் பட்டாவோடு முடிந்துவிடுவதன்று.